சாட்சியும் குற்றவாளியும்

எலுமிச்சம்பழங்கள் நான்கும் நசுங்கின; கார் மட்டும் சீரடையவில்லை!

சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தவர் என் அத்தை. "கண்ணேறு பட்டிருக்கிறதம்மா, கழித்துவிட்டால் சரியாகிவிடும்" என்றார். வண்டியைக் கிளப்பினேன். பழங்கள் பிதுங்கின. வாசலைக் கடந்தோம், தெருவைக் கடந்தோம், திருச்செந்தூர்ச் சாலையைப் பிடித்தோம். செய்துங்கநல்லூரை நெருங்கும்போது, இருபது நிமிட ஓட்டத்துக்குப் பிறகு, பழையபடி இருமியது இயந்திரம், பழையபடி துள்ளியது, பழையபடி நின்றது. பின் இருக்கையில் சாய்ந்திருந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் உள்ளுக்குள் சிரித்தேன். பட்டம் பெற்றவள் அல்லவா நான்! பழத்தின் சாற்றுக்கும் பெட்ரோலின் ஓட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தெரிந்தவள் அல்லவா!

அப்படிச் சிரிக்கும் உரிமை எனக்கு இருந்ததா? இல்லை, தோழர்களே, இல்லை! அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

எங்கள் கார் 2011ஆம் ஆண்டில் அப்பா வாங்கியது. ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே எங்கள் ஊர். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த பெருமழையைத் தென்மாவட்டத்தார் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிற்று. தாமிரபரணி கரை மீறிற்று. எங்கள் தெருவில் நின்ற நீர், காரின் இருக்கை மட்டத்துக்கு ஏறிற்று. வடிந்த பிறகு இருக்கைகளைக் கழற்றி வெயிலில் காயவைத்தோம், எண்ணெயை மாற்றினோம், சேற்றைக் கழுவினோம். வண்டி கிளம்பிற்று. ஓராண்டுக்கு மேல் ஒரு குறையுமின்றி ஓடிற்று. ஆகவே வெள்ளத்தை நாங்கள் மறந்தோம். ஆனால் உள்ளே தங்கிய ஈரம் தன் வேலையை மறக்கவில்லை!

2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கோளாறு தலைகாட்டியது. அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இருமுறை திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்று டயாலிசிஸ் செய்து வரவேண்டும். அப்பாவுக்குக் கண்பார்வை மங்கிவிட்டதால் ஓட்டுவது நான். ஒருநாள் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்றை முந்த முனைந்தேன். முடுக்கியை மிதித்தேன். வேகம் எடுக்க வேண்டிய கார், மூச்சுத் திணறியது. எதிரே பேருந்து! பின்வாங்கவும் நேரமில்லை, முந்தவும் வலுவில்லை. பேருந்து ஓட்டுநர் சாலையோரச் செம்மண்ணில் வண்டியை இறக்கியதால் நாங்கள் பிழைத்தோம். அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. என் கைகள் நடுங்கியதை மட்டும் பார்த்தேன். அதன் பிறகுதான் அத்தையின் எலுமிச்சம்பழம்.

பழம் பயன்படாதது கண்டு, நகரத்திலே பெயர் பெற்ற பட்டறை ஒன்றுக்குச் சென்றேன். அங்கே பழமில்லை, கற்பூரமில்லை, கருவி இருந்தது. ஸ்கேனர் என்று பெயர். காரின் உள்ளே இருக்கும் கணினியோடு அதை இணைத்தார்கள். திரையிலே ஒரு குறியீட்டு எண் தோன்றிற்று. "கலவையில் பெட்ரோல் குறைவு" என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். எனக்கோ புல்லரித்தது. இதோ அறிவியல் பேசுகிறது! இதோ இயந்திரமே தன் நோயைச் சொல்கிறது! இனி ஐயம் ஏது?

"ஆக்சிஜன் சென்சார்தான்" என்றார் மெக்கானிக். மாற்றச் சொன்னேன். 4,500 ரூபாய். எச்சரிக்கை விளக்கு அணைந்தது. இரண்டு நாள் மகிழ்ச்சி. மூன்றாம் நாள் விளக்கு எரிந்தது, வண்டி இருமியது. மறுபடி பட்டறை. "இன்ஜெக்டரில் அடைப்பு" என்றார். சுத்தம் செய்தார். 2,800 ரூபாய். மறுபடி விளக்கு அணைந்தது, மறுபடி மகிழ்ச்சி, மறுபடி மூன்றாம் நாள்! "அப்படியானால் பெட்ரோல் பம்ப் போய்விட்டது, டீச்சர். புதிது 9,000 ஆகும்" என்றார். தனியார் பள்ளியிலே மாதம் 16,000 ரூபாய் பெறும் ஆசிரியை நான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கலங்கினேன்.

வீடு திரும்பியதும் அத்தை கேட்டார்: "பழம் நாலு, நாற்பது ரூபாய். உன் மெஷினுக்கு எவ்வளவு ஆயிற்று?"

பதில் இல்லை என்னிடம். கிண்டல்தான், ஆயினும் அதிலே ஒரு கேள்வி இருந்தது. அவர் பழத்தை நம்பினார்; நான் எண்ணை நம்பினேன். அவரும் சோதிக்கவில்லை, நானும் சோதிக்கவில்லை. "மாற்றினோம், விளக்கு அணைந்தது, ஆகவே மாற்றியதால் அணைந்தது" என்று நான் முடிவு கட்டினேனே, அது எந்த அறிவு? "பழம் வைத்தோம், நோய் தீர்ந்தது" என்பவனுடைய அறிவுதானே! பின்னால் தெரிந்துகொண்டேன்: குறியீட்டைக் கருவியால் அழித்தாலே விளக்கு அணைந்துவிடும். அதே குறையைக் கணினி மறுபடியும் கண்டு, அடுத்த ஓட்டங்களிலும் கண்டு, உறுதி செய்த பிறகுதான் விளக்கு மீண்டும் எரியும். என் இரண்டு நாள் மகிழ்ச்சி, மருந்தின் வெற்றியன்று. அழித்து எழுதிய பலகையின் வெறுமை!

இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்றே பார்ப்போம். பார்க்காமல் பேசியதுதானே என் பிழை.

பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று. இந்த அளவைக் காப்பதுதான் கலை. பழைய வண்டிகளில் அதைச் செய்தது கார்புரேட்டர். உள்ளே பாயும் காற்று, தன் இழுப்பினாலேயே பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். 1954ஆம் ஆண்டிலேயே மெர்சிடிஸ் 300 எஸ்.எல். என்ற ஜெர்மானியக் காரில் பெட்ரோலைப் பம்ப் கொண்டு பீய்ச்சும் முறை வந்துவிட்டது. எவ்வளவு பீய்ச்சுவது என்பதை மின்னணுப் பெட்டி முடிவு செய்யும் முறையை 1967இல் போஷ் நிறுவனம் வோக்ஸ்வாகன் காரிலே பொருத்திற்று. நம் நாட்டிலே 2000ஆம் ஆண்டை ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது, கார்புரேட்டர் விடைபெற, இன்ஜெக்டர் அரியணை ஏறிற்று.

பெட்ரோல் தொட்டிக்குள் மின்சாரப் பம்ப் ஒன்று இருக்கிறது. எங்கள் காரைப் போன்றவற்றில் அது ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில், அதாவது காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப்போல் மூன்று மடங்கில், பெட்ரோலை அனுப்புகிறது. இன்ஜெக்டர் என்பது கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைந்த நேரம், வினாடியின் ஆயிரத்தில் சில பங்கு மட்டும், திறந்து மூடும் சிறு வாயில். எவ்வளவு காற்று வருகிறது, இயந்திரம் எவ்வளவு சூடு, கால் எவ்வளவு மிதிக்கிறது என்பதையெல்லாம் சென்சார்கள் கேட்டுச் சொல்ல, வாயில் எத்தனை நேரம் திறந்திருக்க வேண்டுமென்று கணினி கணக்கிடுகிறது. எரிந்தபின் வெளியேறும் புகையை முகர்ந்து பார்ப்பது ஆக்சிஜன் சென்சார். ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால், "பெட்ரோல் போதவில்லை" என்று அறிவிக்கும். கணினி வாயிலை இன்னும் சற்று நேரம் திறக்கும். திறந்து திறந்து பார்த்தும் போதவில்லையென்றால், விளக்கை ஏற்றிக் குறியீட்டை எழுதிவைக்கும்.

கவனியுங்கள்! கணினி நேரத்தைத்தான் ஆள்கிறது. அழுத்தம் குறைந்துவிட்டால் அதே நேரத்தில் பாயும் பெட்ரோலும் குறையும். எங்கள் காரிலே அழுத்தத்தை அளந்து கணினியிடம் சொல்ல எவரும் இல்லை. ஆகவே புகையை முகர்ந்தவன் உண்மையைத்தான் சொன்னான். "பெட்ரோல் குறைவு" என்றானே தவிர, "குறைத்தவன் நான்" என்று சொல்லவில்லை. அவன் சாட்சி. நாங்களோ சாட்சியைப் பிடித்துத் தண்டித்தோம், குற்றவாளியை விட்டுவிட்டோம்!

இதிலே எனக்கு இன்னொரு வெட்கமும் உண்டு. நான் தமிழாசிரியை. ஆண்டுதோறும் திருக்குறளின் மருந்து அதிகாரத்தை நடத்துகிறவள். நோயைக் கண்டதும் மருந்துக்கு ஓடாதே, அதன் வேர் எதுவென்று முதலில் பார் என்ற கருத்தைக் கரும்பலகையில் எழுதி, மாணவரை மனப்பாடம் செய்யவைத்து, பிழைக்கு மதிப்பெண் குறைத்தவள். தெரு முனையிலே கார் நின்றபோது, அந்த அதிகாரம் எங்கே போயிற்று? தேர்வுத் தாளிலேயே தங்கிவிட்டது!

பம்புக்குப் பணம் புரட்டும் எண்ணத்தோடு ஒருநாள் தனியே திரும்பிக்கொண்டிருந்தேன். கார் மீண்டும் நின்றது. நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, வேப்பமரத்தடியிலே தகரக் கொட்டகைப் பட்டறை ஒன்று. உள்ளிருந்து வந்தான் ஓர் இளைஞன். மூக்குக் கண்ணாடி, கைகளில் மசி.

"வாங்க, டீச்சர்" என்றான்.

அடையாளம் தெரிய எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. 2019ஆம் ஆண்டில், நான் பணியில் சேர்ந்த புதிதில், என் ஒன்பதாம் வகுப்பு மாணவன். மறு ஆண்டு கொரோனா வந்தது, பள்ளி மூடிற்று. 2021இல் பத்தாம் வகுப்பு மாணவர் அனைவரும் மதிப்பெண் இன்றியே தேர்ச்சி பெற்றதாக அரசு அறிவித்ததே, அந்தக் கூட்டத்தில் ஒருவன். பதினோராம் வகுப்பில் அவன் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்று நான் கேட்டதுமில்லை.

அவன் உடனே கருவியை எடுக்கவில்லை. கேள்வி கேட்டான். "காலையில் கிளம்பும்போது வருகிறதா, ஓடிச் சூடான பிறகு வருகிறதா? நின்றபடி ஓடும்போதா, மிதிக்கும்போதா? தொட்டி நிறைந்திருந்தாலுமா?" பத்து நிமிடம் என்னைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். முந்திய பட்டறையில் எவரும் என்னைக் கேட்காத கேள்விகள் இவை. நானும் சொல்ல வேண்டும் என்று நினைக்காதவை.

பிறகு வேலை. இயந்திரத்தைக் கிளப்பி, பம்பின் ஃபியூஸை உருவி, தானே அணையும்வரை ஓடவிட்டான். குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும்போது கழற்றினால் பெட்ரோல் பீறிட்டுத் தீப்பிடிக்கும் என்பதால். மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். குழாயின் நடுவே ஓர் இணைப்பைப் பொருத்தி, அழுத்தம் காட்டும் கடிகாரத்தை அதிலே மாட்டினான். கிளப்பியபோது 3 பார். "பம்ப் நன்றாகத்தானே இருக்கிறது" என்றேன். "இப்போது நன்றாக இருக்கிறது, டீச்சர். கோளாறு வரும்போது என்ன காட்டுகிறது என்றல்லவா பார்க்க வேண்டும்" என்றான். கடிகாரத்தை முன்கண்ணாடியின் வெளிப்புறம் வைபருக்கு அடியில் கட்டிவைத்து, நெடுஞ்சாலையில் ஓட்டச் சொன்னான். இருபது நிமிடம். அழுத்தி மிதித்தேன். என் கண்ணெதிரே முள் சாய்ந்தது: 3, 2.5, 1.8! வண்டி திணறியது.

"ஆகவே பம்ப்தான்!" என்றேன், கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தோடு.

"பம்ப் சோம்பேறியா, பட்டினியா என்று தெரிய வேண்டாமா?" என்றான்.

பின் இருக்கையைத் தூக்கினான். மல்டிமீட்டரை எடுத்தான். இயந்திரம் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். பம்பின் முனையிலோ 9.6! நாலு வோல்ட்டுக்கு மேல் வழியிலே காணாமற்போயிற்று. எந்த வழியிலே? மின்சாரம் போகும் பாதையில் அளந்தான், இழப்பு 0.3 தான். திரும்பும் பாதையில், பம்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தான், 3.9! எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே விரலை நகர்த்தினான். தரைத் தகட்டிலே ஒயரைப் பிணைத்திருந்த போல்ட்டைத் தொட்டதும் கையை வெடுக்கென்று எடுத்தான். சுட்டிருக்கிறது. கழற்றினோம். அடியிலே துரு, துருவின்மேல் பச்சைப் பாசம். 2023ஆம் ஆண்டு வெள்ளம் எழுதிவைத்துப்போன கையெழுத்து!

விளக்கினான் என் மாணவன். கேட்டேன் நான், மாணவியாக. துருவின் வழியே மின்சாரம் நெருக்கிக்கொண்டு போகிறது. நெருக்கடியில் சூடு பிறக்கிறது. பம்ப் இழுப்பது ஏறத்தாழ 5 ஆம்பியர் என்றால், அந்த ஒரு போல்ட்டின் அடியிலே மட்டும் இருபது வாட் வெப்பம். சூடு ஏற ஏறத் தடை ஏறுகிறது. தடை ஏற ஏறப் பம்பின் வலு குறைகிறது. அதனால்தான் காலையில் நலம், இருபது நிமிடத்தில் நோய்! புதுப் பம்ப் வாங்கிப் போட்டிருந்தாலும், அதுவும் அதே போல்ட்டில் பட்டினி கிடந்திருக்கும்.

உப்புத்தாளால் தேய்த்தான், தகடு பளபளக்கும்வரை. புது போல்ட், புது வாஷர், மேலே கிரீஸ். பம்பின் முனையில் 13.4 வோல்ட். மீண்டும் நெடுஞ்சாலை. முள் 3இலேயே நின்றது. கூலி 300 ரூபாய்.

முந்திய பட்டறைக்காரரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லத் தோன்றியது எனக்கு. மாணவன் தடுத்தான். "சோதிக்க அரை நாள் ஆகும், டீச்சர். அரை நாளுக்குக் கூலி கேட்டால், 'ஒன்றும் மாற்றவில்லையே, எதற்குப் பணம்?' என்கிறார்கள். பாகம் மாற்றினால்தான் பேசாமல் கொடுக்கிறார்கள்" என்றான். சுருக்கென்று தைத்தது. தகரப் பெட்டியில் வரும் பாகத்துக்குப் பணம் உண்டு. தலைக்குள் இருக்கும் அறிவுக்குப் பணம் இல்லை! மசி படிந்த கை சிந்திக்கும் என்று நம்ப மறுக்கிறோம். மறுத்துவிட்டு, "சிந்திக்காமல் மாற்றிவிட்டானே" என்று குறையும் கூறுகிறோம். அந்தப் பட்டறையின் அவசரத்தை வளர்த்தவர்களில் நானும் ஒருத்தி. "சீக்கிரம் முடித்துக் கொடுங்கள்" என்று மும்முறை சொன்னவள் நான்தானே!

புறப்படும்போது கேட்டேன்: "இவ்வளவு கூர்மை உனக்கு வகுப்பிலே எங்கே போயிற்று?"

பாராட்டாகத்தான் கேட்டேன். அவன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை முனையால் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அப்போது பலகை தெரியாது, டீச்சர். தெரியவில்லை என்பதே எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். இங்கே வந்தபின், சின்ன ஸ்க்ரூ கண்ணில் படவில்லை என்று முதலாளிதான் கண் டாக்டரிடம் அழைத்துப்போனார்."

அவன் குறை சொல்லவில்லை. என்னைக் குற்றம் சாட்டியது என் நினைவு. ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் அட்டையிலே சிவப்பு மையால் "மந்தம்; கவனமில்லை" என்று எழுதியது என் கை. கையெழுத்திட வந்த அவன் தந்தையிடம், "இவனுக்குப் படிப்பு வராது, ஏதாவது தொழிலில் சேர்த்துவிடுங்கள்" என்று சொன்னது என் வாய். மதிப்பெண் குறைவு என்பது குறியீடு. அது உண்மையைத்தான் சொன்னது: இவனுக்குள் பாடம் சென்று சேரவில்லை என்று. ஏன் சேரவில்லை என்று தேட வேண்டியவள் நான். தேடவில்லை. சாட்சியையே குற்றவாளியாக்கி, தீர்ப்பும் எழுதி, வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பேருந்தின் எதிரே என் கை நடுங்கியதைவிட, அந்த வேப்பமரத்தடியில் அதிகம் நடுங்கிற்று.

அவன் இன்று நல்ல தொழிலாளி. அது அவன் ஆற்றல். என் பிழைக்கு அது பரிகாரமாகாது. தொழிலை அவன் தேர்ந்தெடுத்திருந்தால் பெருமை. பலகை தெரியாததால் தள்ளப்பட்டானே, அது அநீதி.

ஸ்நெல்லன் என்ற டச்சு மருத்துவர் 1862ஆம் ஆண்டில் கண்பார்வையைச் சோதிக்க எழுத்து அட்டை ஒன்றை வகுத்தார். ஆறு மீட்டர் தொலைவிலிருந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வரிவரியாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழ் எழுத்தில் அச்சிட்ட அட்டை ஒன்றை வாங்கி வகுப்பறைச் சுவரில் மாட்டினேன். நாற்பத்தொரு மாணவர், ஒரு பிற்பகல். நான்கு பேரால் கீழ்வரிகளைப் படிக்க முடியவில்லை. அவர்களில் இருவர் பெயருக்கு எதிரே என் பதிவேட்டில் ஏற்கெனவே இருந்தது அதே சொல்: "மந்தம்". அடித்தேன் அந்தச் சொல்லை. நால்வரும் கண் மருத்துவரிடம் சென்று வந்தார்கள். ஒருத்திக்குக் கண்ணாடி போட்டும் பாடம் ஏறவில்லை. சரி, குறை வேறெங்கோ இருக்கிறது. அடுத்த இணைப்பை அளக்க வேண்டும், அளந்துகொண்டிருக்கிறேன்.

பகுத்தறிவு பேசும் இளைஞர்களே! எலுமிச்சம்பழத்தைப் பார்த்துச் சிரிப்பது எளிது. நானும் சிரித்தேன். ஆனால் பழத்தை எறிந்த இடத்தில் ஒரு கருவியை வைத்து, அதன்முன் கைகட்டி நின்றால், மாறியது பூசைப் பொருள்தான், பூசை மாறவில்லை. கருவி சொல்வதைக் கேளுங்கள், கேட்டபின் "ஏன்?" என்று மறுபடி கேளுங்கள். சோதிப்பவனுக்கு நேரம் கொடுங்கள், கூலியும் கொடுங்கள். தன் முடிவைத் தானே ஐயுறத் துணிந்தவனே பகுத்தறிவாளன்.

அம்மாவை வாரம் இருமுறை அழைத்துச் செல்கிறேன், கார் திணறுவதில்லை. அத்தை இன்னும் பழம் வைக்கத்தான் சொல்கிறார். முன்போல் சிரிப்பதில்லை நான், இருக்கையைத் தூக்கி அந்த போல்ட்டைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "இத்துணூண்டா!" என்றார்.

முதல் பட்டறையிலே கழற்றிய பழைய ஆக்சிஜன் சென்சாரைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். அது கெட்டுப்போகவில்லை, கடைசிவரை உண்மையைத்தான் சொன்னது. இப்போது வகுப்பறை மேசையில், மதிப்பெண் பதிவேட்டின்மேல், தாள் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். சிவப்பு மைப் பேனாவை எடுக்கும்போதெல்லாம் அது என்னைக் கேட்கிறது: "சோதித்தாயா?"